வாசலில் நிற்கும் பிள்ளைகளை உள்ளே விடுங்கள்

பெங்களூரில் பப்புகளும் லைவ் மியூசிக் கூடங்களும் நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கே கச்சேரி ஏற்பாடு செய்பவர்களுக்கும்,

வணக்கம். இந்திராநகர், கோரமங்களா பக்கம் 'எமோ நைட்' போஸ்டர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். (எமோ என்பது மனக்குமுறலைக் கொட்டிப் பாடும் ஒரு பங்க் ராக் வகை.) சந்தோஷம். 2007-இல் அயர்ன் மெய்டன், 2011-இல் மெட்டாலிக்கா என்று பெரிய மெட்டல் குழுக்கள் பேலஸ் மைதானத்துக்கு வந்துபோன கதையை இன்னும் சொல்லிச் சொல்லி மாளாத ஊர் இது. இங்கே கண்ணில் மை தீட்டிக்கொண்டு தொண்டை கிழியப் பாடும் கூட்டத்துக்கும் ஒரு சனிக்கிழமை கிடைத்திருக்கிறது. ஆனால் வாசலில் ஆதாரை வாங்கிப் பார்த்து, 21 ஆகாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் எமோ இரவுகளில் தவறாமல் ஒலிக்கும் அமெரிக்க ராக் குழு மை கெமிக்கல் ரொமான்ஸ். (பாடகர் ஜெரார்ட் வேக்கு எமோ என்ற பட்டமே பிடிக்காது என்பது வேறு விஷயம். பட்டத்தைக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்குவதாக இல்லை.) அவர்களையே எடுத்துக்கொள்வோம். 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்த அதிர்ச்சியில் வே ஆரம்பித்த குழு அது. மறு வருடம் ஜூலையில் முதல் ஆல்பம் வந்துவிட்டது. தர்ஸ்டே குழுவின் பாடகர் ஜெஃப் ரிக்லிதான் தயாரித்துக் கொடுத்தார். கேட்டுப் பாருங்கள்: குரல் உடைகிறது, இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன, மெருகு என்று எதுவும் கிடையாது. நியூ ஜெர்சியில் வீடுகளின் நிலவறைகளிலும் சின்னச் சின்ன ஹால்களிலும் வாசித்துப் பழகிய சத்தம் அது. அந்த ஆல்பம் வந்தபோது கிட்டார் வாசித்த ஃபிராங்க் ஐரோவுக்கு வயது 20. உங்கள் பவுன்சர் அவரையும் உள்ளே விட்டிருக்க மாட்டார்.

அப்புறம் அவர்கள் வளர்ந்த விதம் இருக்கிறதே, அதில்தான் எனக்குப் பிரமிப்பு. 2004-இல் பெரிய ரெக்கார்டு கம்பெனிக்குப் போனார்கள். பல்லவிகள் தெளிவாகின, கறுப்புச் சட்டையும் சிவப்பு டையும் வந்தன. 2006-இல் வந்த 'தி பிளாக் பரேட்' இன்னொரு உலகம். புற்றுநோயில் சாகக் கிடக்கும் ஒருவனைக் கூட்டிப்போக மரணமே ஒரு அணிவகுப்பாக வருகிறது. தயாரிப்பாளர் ராப் கவாலோ. குயீன் குழுவின் ஆடம்பரம், அடுக்கடுக்கான கோரஸ், ஒரு பாட்டில் பாடகியும் நடிகையுமான லைசா மினெல்லியின் குரல்கூட உண்டு. கிட்டாரில் மூன்றே கார்டுகளை (chord) வைத்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்த பையன்கள் இவ்வளவு பெரிய பந்தல் போடுவார்கள் என்று யார் நினைத்தது? அதன் புகழ்பெற்ற பாட்டு பியானோவில் ஒற்றை ஜி ஸ்வரத்தில் தொடங்குகிறது. அந்த ஒரு தட்டு போதும், கூட்டம் எழுந்துவிடும். பின்னாலேயே அணிவகுப்பு மேளம் வரும். கொஞ்ச நேரத்தில் வேகம் பிடித்து முழுப் பங்க் ஆகிவிடும். அமெரிக்க விமர்சகர்கள் இதை நாடகம் என்றார்கள். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் சாவு மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. இழவு வீட்டில் ஆட்டம் எதற்கு என்று நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை.

2010-இன் 'டேஞ்சர் டேஸ்' எனக்கு ஒட்டவில்லை. பளபளப்பு அதிகம். என் அக்கா மகளுக்கோ அதுதான் உயிர். அவளிடம் இதைச் சொன்னால் பேச்சே நின்றுவிடும். 2013-இல் கலைந்தார்கள், 2019 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே ஒரு கச்சேரியோடு திரும்ப வந்தார்கள். 2022-இல் வந்த ஆறு நிமிடப் பாட்டில் பழைய கரகரப்பும் பிளாக் பரேடின் பிரம்மாண்டமும் சேர்ந்தே இருந்தன.

2025 ஜூலையில் சியாட்டிலின் பேஸ்பால் ஸ்டேடியத்தில் தொடங்கிய சுற்றுப்பயணத்தை யார் யாரோ எடுத்த போன் வீடியோக்களில்தான் நான் பார்த்தேன். பிளாக் பரேட் ஆல்பம் முழுவதும், வரிசை மாறாமல். மேடை ஒரு கற்பனைச் சர்வாதிகார நாடாகிவிடுகிறது. ஒரு கட்டத்தில் சிலருக்கு மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று கூட்டத்திடமே கேட்கிறார்கள். ஸ்டேடியம் மொத்தமும் அட்டையைத் தூக்கி ஓட்டுப் போடுகிறது. எல்லாம் முடிந்ததும் கூட்டத்துக்கு நடுவில் இருக்கும் சின்ன மேடைக்குப் போய், வேஷம் எதுவும் இல்லாமல் மற்ற ஆல்பங்களின் பாட்டுகளை வாசிக்கிறார்கள். எனக்குக் கச்சேரி அங்கேதான் ஆரம்பித்தது. இந்த இசைக்குப் பாதி வாத்தியம் எதிரே நிற்கும் கூட்டம்தான். பாடகர் மைக்கை நீட்டும்போது திரும்பி வரும் சத்தமும் பாட்டில் சேர்த்திதான்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். கொஞ்ச நாள் முன்பு ஒரு பப்பில் உள்ளூர்க் குழு ஒன்று இந்தப் பாட்டுகளை வாசித்தது. பெயர் வேண்டாம். ட்ரம்ஸ் வாசித்த பையனுக்கு 19 வயது. வாசிக்கிறவன் என்பதால் பின்வாசல் வழியாக விட்டார்கள். வாசித்து முடித்ததும் அதே வழியாக அனுப்பிவிட்டார்கள். பாடிய பெண் மைக்கை நீட்டினாள். உள்ளே இருந்த என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் முதல் இரண்டு வரியோடு நின்றுவிட்டோம். ஒருவர் போனில் வரிகளைத் தேடிக்கொண்டிருந்தார். வெளியே நடைபாதையில் அந்தப் பையனின் கல்லூரித் தோழர்கள் ஏழெட்டுப் பேர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, வாயசைவு மட்டும் தெரிந்தது. ஒரு வரி பிசகவில்லை.

உங்கள் நிலைமை புரியாமல் பேசவில்லை. 21 வயது ஆகாதவர் கையில் கிளாஸ் இருந்தால் போவது உங்கள் லைசென்ஸ். ஆனால் இதே சிக்கல் 1980-லேயே வந்து, அதற்கு வழியும் கண்டுபிடித்துவிட்டார்கள். வாஷிங்டனைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற விடலைப் பையன்களின் குழு சான் பிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனது. குடிக்கிற வயது இல்லை. கிளப்காரர்கள் துரத்திவிடவில்லை, புறங்கையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, இவர்களுக்குச் சரக்கு ஊற்றாதே என்று பாருக்குச் சொல்லிவிட்டார்கள். ஊர் திரும்பிய பையன்கள் அங்கிருந்த 9:30 கிளப்பிடம் இதையே கேட்டு வாங்கினார்கள். அந்தக் குழுவில் பேஸ் வாசித்த இயன் மெக்கேதான், எமோவுக்கு மூத்த குழு என்று எல்லோரும் கைகாட்டும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் 1985 ஆல்பத்தைத் தயாரித்தவர். பிறகு அவரும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் பாடகரும் சேர்ந்திருந்த ஃபுகாசி குழு, எல்லா வயதினருக்கும் அனுமதி, டிக்கெட் 5 டாலர் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. ஆக, நீங்கள் விற்கிற இந்த இசையே அந்தப் பெருக்கல் குறிக்குப் பின்னால் வந்ததுதான்.

பெங்களூர் எக்சைஸ் அதிகாரியிடம் பெருக்கல் குறியைக் காட்டினால் சிரிப்பார் என்கிறீர்களா? இருக்கலாம். அப்படியென்றால் மாதம் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, பாரைப் பூட்டிவிட்டு நடத்துங்கள். நியூயார்க்கின் சிபிஜிபி கிளப்பில் எண்பதுகளில் ஞாயிறு மதிய ஹார்ட்கோர் (பங்க்கின் இன்னும் வேகமான வகை) கச்சேரிகள் இப்படித்தான் களைகட்டின. உங்களுக்கும் மதியம் காலியாகத்தானே கிடக்கிறது? பீர் போகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைகள் பெரி பெரி ஃப்ரைஸ் சாப்பிடும் வேகத்தை நீங்கள் பார்த்ததில்லை. ஏழு மணிக்கு முடித்தால் மெட்ரோ பிடித்து எட்டுக்குள் வீடு. அல்சூர் அம்மாக்கள் கேட்பதும் அவ்வளவுதான்.

கச்சேரி ஏற்பாட்டாளர்களுக்குத் தனியாக ஒன்று. எல்லாவற்றையும் பப்பிலேயே நடத்த வேண்டும் என்று என்ன விதி? சுதந்திர தினத்தையொட்டி ஃப்ரீடம் ஜாம் என்று காசு வாங்காமல் ராக் கச்சேரி நடத்திய ஊர் இது. வசந்த்நகரில் ஹால் இருக்கிறது, மல்லேஸ்வரத்தில் இருக்கிறது, அல்சூர் ஏரிப் பக்கம் நம் தமிழ்ச் சங்கத்திலும் ஒன்று இருக்கிறது. பட்டிமன்றத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் ட்ரம்ஸுக்கும் விடமாட்டார்களா, கேட்டுத்தான் பாருங்களேன். கேட்கப் போகும்போது டெசிபல் கணக்கைக் கையில் வைத்திருங்கள், முதல் கேள்வி அதுதான் வரும்.

முதல் ஞாயிறைக் குறித்துவிட்டுச் சொல்லுங்கள். மார்க்கர் பேனா என் செலவு.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு ரசிகன்