மணிக்கு முந்தின இரண்டு நொடி

குடியாத்தம்
வைகாசி 20

அன்புள்ள கரீம்,

முழங்கால் எப்படி இருக்கிறது? பெரம்பூர் வீட்டில் மாடி ஏறி இறங்குகிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னபோது மனசு நிம்மதியானது. சிரசுத் திருவிழாவுக்கு இந்த வருஷமும் நீ வரவில்லை. வைகாசி முதல் தேதி ஊரே கெங்கையம்மன் கோயில் பக்கம்தான். நான் மட்டும் தனியாக ஆற்றங்கரை வரை போய்த் திரும்பினேன். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம் என்றுதான் இதை எழுதுகிறேன். விஷயம் நம் பாட்டுக்குப் பாட்டு, ஒரு எழுத்தைக் கொடுத்தால் அதில் தொடங்குகிற பாட்டைப் பாடும் அந்த விளையாட்டு.

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன் அல்லவா, அங்கே ஒருநாள் டிவியில் 'நேம் தட் ட்யூன்' என்ற நிகழ்ச்சியைப் பேத்தி போட்டுக் காட்டினாள். மெட்டைக் கேட்டவுடன் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அது புதிதில்லை, பழைய நிகழ்ச்சியைத் தூசி தட்டி 2021-இல் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அன்றிலிருந்து அதன் பழைய ஒளிப்பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். 1952-இல் ரேடியோவில் பிறந்து, அடுத்த வருஷமே டிவிக்கு வந்திருக்கிறது. ரேடியோவில் பிறந்தது என்று கேட்டதும் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

கருப்பு வெள்ளைக் காலத்தில் அதை எவ்வளவு எளிமையாக நடத்தியிருக்கிறார்கள், பார். இரண்டு பேர் நிற்பார்கள். இசைக்குழு வாசிக்க ஆரம்பிக்கும். பாட்டு பிடிபட்டதும் ஓடிப்போய், கப்பலில் தொங்குகிற மாதிரி ஒரு மணியை அடிக்க வேண்டும். யார் முதலில் அடிக்கிறாரோ அவர் சொல்லலாம். 1957-இல் அதில் ஒரு விமானப்படைக்காரரும் பத்து வயதுப் பையன் ஒருவனும் ஜோடி சேர்ந்து விளையாடி, 25,000 டாலர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பையன் எடி ஹாட்ஜஸ். அதற்கப்புறம் நியூயார்க் நாடக மேடைக்கே போய்விட்டான். விமானி ஜான் க்ளென். அந்த ஜூலையில்தான் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்கு 3 மணி 23 நிமிடத்தில் பறந்து பேர் வாங்கியிருந்தார். 1962-இல் பூமியை மூன்று முறை சுற்றி வந்த அதே க்ளென்தான். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அன்றைக்கு அவர் பாட்டு தெரிந்த ஒரு மனிதர். இன்னொரு பக்கம், பாட்டு தெரிந்த ஒரு பையன். அந்த ஜோடியை நான் மூன்று தடவை பார்த்தேன்.

அது 1959-இல் நின்றது. பணம் கொட்டுகிற வினாடி வினா நிகழ்ச்சிகளில் சிலருக்கு விடையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார்கள் என்று வெளியே வந்து, அந்த நாட்டையே உலுக்கிய காலம் அது. 1960-இல் அப்படிச் செய்வது குற்றம் என்று சட்டமே போட்டார்கள். 'நேம் தட் ட்யூன்' 1974-இல் திரும்ப வந்து, பரிசை ஒரு லட்சம் டாலர்வரை ஏற்றி, 1981 வரை ஓடியது. 'இந்தப் பாட்டை நான் நாலு சுரத்தில் சொல்வேன்', 'நான் மூன்றில் சொல்வேன்' என்று இரண்டு பேர் ஏலம்போல இறங்கிக்கொண்டே வருவார்கள். கடைசியில் பியானோக்காரர் அத்தனை சுரம் மட்டும் வாசிப்பார். பார்க்கிறவன் மூச்சு நின்றுவிடும். 1984-இல் மறுபடி கொண்டுவந்தார்கள், ஒரே வருஷம்தான் ஓடியது. இப்போது 2021-இல் வந்ததில் விளக்கும் மேடையும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் போகப் போகப் பிரபலங்களையே கூட்டிவந்து நிறுத்திவிட்டார்கள். பேத்தி அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பழைய ஒளிப்பதிவைப் போட்டால் மட்டும் ஓடிவந்து உட்காருவாள், மணிக்கு முன்னால் கத்துவாள். அவள் பிறப்பதற்கு அறுபது வருஷம் முந்தின பாட்டில் அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு பேருக்கும் பாட்டு ஞாபகம் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன அமைதி இருக்கிறதே, அதற்குள் அவள் புகுந்துவிடுவாள். இப்போதைய நிகழ்ச்சிகளில் அந்த இடத்தில்தான் முரசை அடித்து, முகத்தைக் கிட்டத்தில் காட்டி, விளம்பரத்துக்குப் போய்விடுகிறார்கள். கரீம், அந்த இரண்டு நொடி பார்க்கிறவனுடையது. அதை எடுத்துவிட்டு எந்தப் பழைய நிகழ்ச்சியையும் திரும்பக் கொண்டுவர முடியாது.

உன் அத்தா கடையின் ரேடியோ நமக்கு அதைத்தானே கொடுத்தது? இலங்கை வானொலியில் பாட்டுக்குப் பாட்டு நடத்திய அப்துல் ஹமீத் குரல் வந்தவுடன் டீ ஆற்றுகிற கைகூட நிற்கும். எழுத்தைச் சொல்வார். அங்கே கொழும்பில் யாரோ ஒருவர் யோசிப்பதற்குள் இங்கே நெல்லூர்ப்பேட்டையில் நாலு பேர் பாடியிருப்பார்கள். அப்புறம் பல வருஷம் கழித்து அதே மனிதர் சன் டிவியில் அதே நிகழ்ச்சியோடு வந்தபோது, என் பிள்ளைகள் கட்டிலில் நின்றுகொண்டு பாடினார்கள். ரேடியோவிலிருந்து டிவிக்கு வந்தும் அது கெட்டுப்போகவில்லை. அவர் தமிழை அழுத்தித் திருத்தி உச்சரிப்பதும், பாட வந்தவர் யாராக இருந்தாலும் மரியாதையாகக் காத்திருப்பதும் மாறவில்லை. காத்திருக்கத் தெரிந்த அறிவிப்பாளர்.

சரி, இப்போது நம்மூர்ச் செய்தி. ஒரு உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள் மார்ச் மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டுக்குப் பாட்டு மாதிரி ஒன்றை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்குமாக நடத்தப்போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்றார்கள். எவ்வளவு சந்தோஷமாகப் போனேன் தெரியுமா! கரோக்கி இசை, பெரிய திரை, சின்னத்திரை நடிகர் இரண்டு பேர் என்று அவர்கள் சொன்னதெல்லாம் போகட்டும். எல்லாப் பாட்டுக்கும் உரிமை வாங்க முடியாது, அதனால் எண்பது பாட்டுப் பட்டியல் போட்டு, பாட வருகிறவர்களிடம் பத்து நாள் முன்னாலேயே கொடுத்துவிடுவோம் என்றார்கள். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. உரிமைக்குப் பணம் கொடுப்பது நியாயம்தான். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு என்று செய்தது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். எழுதியவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதற்காக எண்பது பாட்டை மனப்பாடம் செய்துவந்து ஒப்பிப்பதா பாட்டுக்குப் பாட்டு? முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் இன்னும் அதை ஆரம்பிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஆற்றாமை போகவில்லை. நாமே நடத்தினால் என்ன என்று தெரு நூலகத்துப் பின்பக்கக் கூடத்தைக் கேட்டு வாங்கினேன். முதல் ஞாயிறு சரியாக வரவில்லை. நானும் கரோக்கிப் பெட்டியைத்தான் வைத்தேன். திரையில் வரி ஓடுகிறது, பாட வந்த பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். வரி கண்முன்னால் ஓடும்போது ஞாபகத்துக்கு அங்கே என்ன வேலை? கூட்டம் ஒன்பது மணிக்கே கலைந்தது.

அடுத்த ஞாயிறு பெட்டியை எடுத்துவிட்டேன். ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா. பழைய பாத்திரக் கடையில் ஒரு வெண்கல மணி வாங்கி உத்தரத்தில் கட்டினேன், அந்தக் கருப்பு வெள்ளை நிகழ்ச்சியில் பார்த்தது மாதிரியே. வாசலில் அன்னக்கூடை ஒன்றை வைத்து, எல்லாரும் செல்போனை அதில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்றேன். விதி நாம் தறிக்கொட்டகையில் விளையாடிய அதே விதிதான். மணி அடித்ததும் எந்தச் சொல்லில் நிற்கிறாயோ அந்தச் சொல்லின் முதல் எழுத்து. 'க' என்றால் 'கா'வும் செல்லும். இந்திக்காரர்கள் அந்தாக்ஷரியில் கடைசி எழுத்தை எடுப்பார்கள். நம் சொல்லில் பல ல், ன், ம், ர் என்று முடிகிறவை, அவற்றை வைத்து எப்படி அடுத்த பாட்டைத் தொடங்குவது? உங்கள் அத்தாதான் இதை நமக்குச் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்தைக் கொடுத்து ஆளைத் தோற்கடிக்காதீர்கள் என்பார்.

பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள். பல்லவி எல்லாருக்கும் தெரிகிறது, சரணம்தான் வருவதில்லை. பாட்டில் ஒரு முப்பது நொடித் துண்டைத்தான் அவர்கள் போனில் கேட்கிறார்கள், அது அவர்கள் தப்பில்லை. ஒன்பதரை மணிக்கு ஒரு பையன் 'ஞாயிறு' என்ற சொல்லில் நின்றான். அடுத்த பெண்ணுக்கு 'ஞா'. அவள் மேலே பார்க்கிறாள், கீழே பார்க்கிறாள். நான் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கூடமே கப்சிப். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். அப்போது பின்சுவர்ப் பக்கமிருந்து மெல்ல ஒரு குரல். பேத்தியைக் கூட்டிவந்த ஒரு அம்மா, பீடி சுற்றுகிறவர், பாட வந்தவரே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத்தானே, பல்லவியிலிருந்து ஆரம்பித்து ஒரு வரி விடாமல் பாடிக்கொண்டே போகிறார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் தம்பி என்று தள்ளிவிட்டு, இரண்டாம் சரணத்தையும் பாடி முடித்தார். இலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரேடியோ கேட்டுப் பழகிய பாட்டாம். அந்தப் போட்டிப் பெண் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நான் மணியை அடிக்கவே இல்லை, கரீம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு நடந்துவிட்டது. கடைசியாக எண்பது பேர்போல வந்தார்கள். பேர்ணாம்பட்டிலிருந்து ஒரு குடும்பமே பஸ் ஏறி வந்தது. பரிசு ஒரு குடியாத்தம் லுங்கி, பெண்களுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா. ஜூலையில் வேலூரில், சத்துவாச்சாரியில் ஒரு மாடிக் கூடத்தில் நடத்தலாம் என்று அங்கே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. நீ எழுத்து வாரியாகப் பாட்டின் முதல் வரியை எழுதி வைத்திருந்த நீல அட்டை நோட்டு இருக்கிறதா? எனக்கு 'ஞ', 'ர', 'ல' மூன்று பக்கம் அவசரமாக வேண்டும், தங்கச்சியை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல். நோட்டையும் அனுப்பிவிட்டு நீ அங்கேயே இருந்துகொள்ளாதே. சென்ட்ரலில் ரயில் ஏறினால் குடியாத்தம் ஸ்டேஷனில் நான் ஆட்டோவோடு நிற்பேன். கூடம் தரைத்தளம்தான், படி கிடையாது. மணிக்கயிறு இழுக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும், அதுவும் சீக்கிரம் இழுத்துவிடாத ஆள்.

அன்புடன்,
தயாளன்