லில்லெஹாமர் நகராட்சிக்கு: உங்கள் சின்னத்தோடு இங்காவையும் சொல்லுங்கள்

நார்வே நாட்டின் லில்லெஹாமர் நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஊர்ச் சின்னத்தை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. மலைச்சரிவில் ஈட்டியோடு பனிச்சறுக்கில் இறங்கும் அந்த வீரன் 1898 முதல் உங்கள் கேடயத்தில் இருக்கிறான். அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது அவனைப் பற்றிச் சொல்லப்படும் கதையைத்தான்.

ஈட்டியைப் பார்ப்பவர்கள் ஏதோ போர்க்காட்சி என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு கைக்குழந்தையின் உயிரைக் காப்பாற்றிய பயணம். 1204 தொடக்கத்தில் அரசர் மூன்றாம் ஹாக்கோன் இறந்துபோனார். அதன்பின் வார்தெய்க் ஊரைச் சேர்ந்த இங்காவுக்கு அவருடைய மகன் பிறந்தான். அந்தப் பகுதியோ எதிரிகளான பாக்லர்களின் பிடியில். விஷயம் வெளியே தெரிந்தால் பிள்ளை பிழைக்காது. த்ரோன் என்ற பாதிரியார்தான் ஞானஸ்நானம் கொடுத்து, பிறப்பையே மறைத்து வைத்தார். அப்புறம், அரசர் பக்கத்துப் படையினரான பிர்க்கெபைனர்கள் தாயையும் பிள்ளையையும் வடக்கே அழைத்துப் போனார்கள். 1206 குளிர்காலத்தில், உங்கள் ஊரிலிருந்து மலையைத் தாண்டும்போது, தோர்ஸ்தைன் ஸ்கேவ்லா, ஷெர்வால்ட் ஸ்க்ருக்கா என்ற இருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார்கள்.

இந்த இருவரின் பெயரும் நிலைத்துவிட்டது. 1932 முதல் அவர்கள் நினைவாக ரேனாவிலிருந்து லில்லெஹாமருக்கு 54 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. குழந்தையின் எடைக்கு அடையாளமாக ஒவ்வொருவரும் குறைந்தது 3.5 கிலோ மூட்டையை முதுகில் சுமக்க வேண்டும். (ஒன்றரை வயதுப் பிள்ளை அதைவிட நன்றாகவே கனத்திருக்கும்!) சுமையைக்கூட மறக்காமல் விதியில் எழுதி வைத்திருக்கிறீர்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, பெற்றவள் எங்கே? பகைவர் நடுவே பிள்ளையைப் பெற்று, ஒளித்து வளர்த்து, அந்தக் குளிரில் அவனோடு கிளம்பியவள் இங்கா. கதை அதோடு முடியவும் இல்லை. மகன் 1217-இல் அரசனான பிறகும், அவன் உண்மையில் மூன்றாம் ஹாக்கோனின் பிள்ளைதானா என்ற சந்தேகம் ஓயவில்லை. 1218-இல் பெர்கனில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி அதை நிரூபித்தவளும் அவள்தான். அந்தப் பிள்ளை 1263 வரை நார்வேயை ஆண்டான். சறுக்கிய இருவரின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்காவின் துணிச்சல் ஒரு மலையோடு தீர்ந்துவிடவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அறிவிப்புப் பலகையோ, பள்ளிப் பிள்ளைகளுக்கான குறிப்போ, சுற்றுலாக் கையேடோ, சின்னத்துக்கு எங்கெல்லாம் விளக்கம் எழுதுகிறீர்களோ அங்கெல்லாம் அந்த இரண்டு பெயர்களோடு மூன்றாவதாக இங்காவின் பெயரையும் எழுதுங்கள். பெர்கனில் அவள் செய்ததையும் ஒரு வரி சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னத்தை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்