விவேரியம் அருவி கிட்: உத்தரவாதத்தை மறுத்த உங்கள் பதில் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அருவியும் குட்டையும் அடங்கிய விவேரியம் கிட் பழுதானது, முழுத்தொகையையும் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்களிடம் வாங்கிய கிட்டைக் கொண்டு என் வீட்டு விவேரியத்தில், அதாவது செடிகளோடு பிராணிகளை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில், மரத்தவளைகளுக்காக ஓர் அருவி அமைத்திருந்தேன். பெட்டியின் மேல் '5 ஆண்டு உத்தரவாதம்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். ஓராண்டு நிறைவதற்குள் பாறைச்சுவர் கண்ணாடியை விட்டுப் பெயர்ந்து முன்னால் சாய்ந்தது. பம்ப் நின்றது. செடிகள் இருந்த மண் சேறாகி நாறத் தொடங்கியது. இதைத் தெரிவித்தபோது, 'நீங்கள் பயன்படுத்திய தண்ணீரின் தரமே காரணம், உத்தரவாதத்தில் வராது' என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டீர்கள். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

கடினநீர் என்ன செய்யும் என்பது தொட்டி வைத்திருப்பவர் எல்லோருக்கும் தெரியும். அருவி விளிம்பிலும் பம்ப் விசிறியிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஏறும். சுவரைக் கண்ணாடியிலிருந்து அது பெயர்த்தெடுக்காது. நான் ஊற்றியது ஆர்.ஓ. தண்ணீர். விசிறியில் படிவு இல்லை என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கோளாறு உங்கள் வடிவமைப்பிலும் செய்முறைக் கையேட்டிலும்தான் இருக்கிறது.

சுவரைக் கழற்றிப் பார்த்ததில் தெரிந்தவை இவை. பாறைச்சுவரை உருவாக்க, உப்பி இறுகும் நுரையான பாலியூரித்தேன் ஃபோமை வெறும் கண்ணாடி மேல் நேரடியாகப் பீய்ச்சச் சொல்கிறது கையேடு. உலர்ந்த தொட்டியில் அது பிடித்துக்கொள்ளும். எந்நேரமும் ஈரம் இருக்கும் இடத்தில் வழவழப்பான கண்ணாடியில் அந்தப் பிடி நாளடைவில் விட்டுவிடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் முதலில் கண்ணாடியில் சிலிக்கான் பசை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மணலை ஒட்டிச் சொரசொரப்பாக்கி, அதன் மேல்தான் ஃபோம் விடுவார்கள். உங்கள் கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. போதாக்குறைக்குச் சுவரின் அடிப்பகுதியைக் குட்டைத் தண்ணீருக்குள் தரைவரை இறக்கியிருக்கிறீர்கள். நீரில் மூழ்கிய ஒவ்வொரு லிட்டர் ஃபோமையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை மேலே தள்ளும். பலவீனமான ஒட்டை இரவும் பகலும் தண்ணீர் நெம்பிக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்?

அடுத்தது, 'விரும்பிய வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள்' என்ற வரி. இறுகிய ஃபோமின் மேல்தோலைக் கத்தி வெட்டியதும் உள்ளிருக்கும் நுண்ணறைகள் திறந்துகொண்டு தண்ணீர் உள்ளே இறங்கும். வெட்டிய பரப்பை எபாக்ஸியோ அதுபோன்ற வேறு பூச்சோ போட்டு அடைத்தே ஆக வேண்டும். கிட்டில் அப்படி எதுவும் இல்லை. தேங்காய் நார்த்தூளைத் தூவி அழகுபடுத்தச் சொன்னதோடு கையேடு நின்றுவிடுகிறது.

பம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மணிக்கு 300 லிட்டர் என்று பெட்டியின் முன்பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அது தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்த கணக்கு. அதிகபட்ச உயரம் 50 செ.மீ. என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் நீர்வரத்து பூஜ்யம் என்பதுதான் அதற்குப் பொருள். உங்கள் அருவியோ 40 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். அங்கே வந்தது ஒரு மெல்லிய கசிவுதான். கசிவாக வரும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி விழாது. விளிம்பின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டே பின்னோக்கிச் சென்று சுவருக்குள் புகும். சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு பள்ளம் இழுத்துவிடுவாரே, அப்படி ஒரு சொட்டுப்பள்ளம் விளிம்புக்கு அடியில் இருந்திருந்தால் தண்ணீர் அங்கேயே விழுந்திருக்கும். இல்லாததால் சுவரின் முதுகுப்பக்கம் முழுக்க நனைந்து, முன்பே சொன்ன ஒட்டு இன்னும் வேகமாக விட்டது.

அந்தப் பம்பையும் ஃபோமுக்கு அடியில் புதைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பம்ப் தேயும் பொருள், அடைத்துக்கொள்ளும் பொருள். நார்த்தூள் மிதக்கும் தொட்டியில் உறிஞ்சுவாயில் ஒரு பஞ்சு வடிகட்டிகூட வைக்காமல், சுத்தம் செய்யக் கையை விட வழியும் வைக்காமல் மூடச் சொன்னவர், தொட்டியை ஒருமுறையாவது பராமரித்தவரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எடுத்து மாட்டக்கூடிய ஒரு போலிப்பாறை போதும், இந்தப் பிரச்சினையே வராது. பம்பை வெளியே எடுக்க நான் சுவரை அறுக்க வேண்டியதாயிற்று.

மண் சேறானதற்குக் காரணம், குட்டையின் கரைமேல் மடித்துவிடச் சொன்ன துணி. அது திரிபோல் தண்ணீரை உறிஞ்சி மண்ணுக்கு ஏற்றியது.

கடைசியாக ஒன்று, என் தொட்டிக்கு இதனால் பாதிப்பு இல்லை, ஆனால் இதுதான் எல்லாவற்றிலும் மோசம். கிட்டில் நீங்கள் வைத்த சிலிக்கான் பசைக் குழாயில் 'பூஞ்சை எதிர்ப்பு' என்று அச்சாகியிருக்கிறது. அது குளியலறைக்கானது. தவளை தோல் வழியாகவே தண்ணீரை உள்ளிழுக்கும் பிராணி. பூஞ்சைக்கொல்லி கலந்த பொருளை அதன் தொட்டியில் வைக்கலாமா? அந்தக் குழாயைத் தொடாமல் மீன்தொட்டிக்கான சிலிக்கானைத் தனியாக வாங்கிப் பயன்படுத்தினேன். அந்த இணைப்புகள் இன்றும் உறுதியாக இருக்கின்றன. 10 மி.மீ. தடிமனுக்குச் சிலிக்கானை நிரப்பி, 24 மணி நேரத்தில் தண்ணீர் விடலாம் என்கிறது கையேடு. சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவது. ஒரு நாளில் 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குத்தான் இறுகும். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இறுகும்போது அதிலிருந்து வரும் வினிகர் வாடை முழுக்க அடங்கும்வரை நான் காத்திருந்தேன். கையேட்டை அப்படியே நம்பியவர்கள் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

எனவே கிட்டின் முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும். மாற்றாக இதே கிட்டை அனுப்ப வேண்டாம், வாங்க மாட்டேன். கிட்டில் உள்ள சிலிக்கான் பசைக் குழாய் பற்றி, ஏற்கெனவே வாங்கிய அனைவருக்கும் உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். இதைப் பணத்தைவிட முக்கியமாகக் கருதுகிறேன். கையேட்டைத் திருத்தும்வரை '5 ஆண்டு' என்ற வாசகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் இதே ஆவணங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் செல்வேன். தொலைபேசியில் சமாதானம் சொல்ல வேண்டாம்.

இணைப்பு: ரசீது, பெட்டியின் இருபக்கப் படங்கள், பெயர்ந்த சுவர் மற்றும் பம்ப் விசிறியின் படங்கள், தனியாக வாங்கிய சிலிக்கானின் ரசீது, உங்கள் முந்தைய பதிலின் நகல்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்