கண்ணாடி உனக்கல்ல, எனக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் கோபம்தான் காரணம். "உன் தளத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கவே முடியவில்லை, எழுத்தும் மங்கல்" என்று போட்டு உடைத்துவிட்டாய். கண்ணாடியை மாற்றித் தொலையேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

அப்புறம் பார்த்தால், பெரிதாக்க விடாமல் தடுத்ததே நான்தான். எங்கிருந்தோ நகலெடுத்துத் தளத்தின் நிரலில் ஒட்டிய ஒரு வரி. அதை நீக்கினேன். நிறத்தையும் அளந்தேன். நான் ஆசைப்பட்டு வைத்த சாம்பல் எழுத்துக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், அதாவது மாறுபாட்டு விகிதம், 2.85 தான், சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பின் வழிகாட்டுதல் கேட்பது குறைந்தது 4.5. இப்போது கிட்டத்தட்டக் கறுப்பு. அழகு போனதென்று இரண்டு நாள் வருத்தம்.

ரோஷம் வந்து, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவித் திரையையும் அணைத்துவிட்டுக் கேட்டேன். தமிழை ஆங்கிலக் குரல் கடித்துக் குதறியது! தளத்தின் பக்கங்களுக்கெல்லாம் அச்சான வார்ப்புரு, ஒவ்வொரு பக்கத்தையும் ஆங்கிலம் என்றே அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறது. மொழிக் குறியைத் தமிழென்று மாற்றியதும் தமிழ்க் குரல் வந்தது. தலைப்புகளையும் வெறுமனே தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அவற்றுக்குத் தலைப்புக் குறி கொடுத்த பிறகு, எச் விசையை அழுத்தினாலே ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடிகிறது.

படங்கள்தான் வேலை வாங்கின. சொடுக்கினால் பெரிதாகும் படம் ஒவ்வொன்றுக்கும் கேமரா வைத்த கோப்புப் பெயரையும் எண்ணையும் வாசிப்பான் ஒப்பித்தது. அதற்குப் பதில் அது படிக்க, ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். "படம்" என்றோ "நண்பர்கள்" என்றோ எழுதி என்ன பயன்? அந்த இடத்தில் அந்தப் படம் எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். வெறும் அலங்காரக் கோடுகளுக்கு விளக்கத்தைக் காலியாக விட்டால் வாசிப்பான் தாண்டிப் போய்விடும். நாம் மழையில் நிற்கும் படத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. உன் கையில் ஒரு குடை, மடக்கியபடி. இத்தனை வருடம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், குடை கண்ணில் பட்டதே இல்லை.

பழைய கட்டுரைகள் பன்னிரண்டு இன்னும் ஸ்கேன் படங்களாகவே கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறேன், நாலு முடிந்தது.

நேரம் கிடைத்தால் மவுஸைத் தொடாமல், டேப் விசையை மட்டும் வைத்துத் தளத்தைச் சுற்றிப் பார். எங்கே நிற்கிறாய் என்று காட்டும் கட்டத்தை, அசிங்கமாக இருக்கிறதென்று முன்பு மறைத்திருந்தேன். இப்போது திரும்ப வைத்திருக்கிறேன். எங்காவது சிக்கிக்கொண்டால் போன தடவை மாதிரியே திட்டி எழுது.

அப்படியே, அந்தக் குடையை ஏன் விரிக்கவில்லை என்றும் எழுது.

உன்,
பழைய கோபக்காரன்