ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பிற ஊர்களின் கணினிக் கடைகளிலும் ஒரே புகார் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல." பாகம் பாகமாக வாங்கி வீட்டில் தாங்களே பூட்டிய மாணவர்கள் சொல்வது இது. கேட்ட மாத்திரத்தில் "போர்டு போயிருக்கும்" என்று பதில் வருகிறது. போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டு, சர்வீஸ் சென்டருக்குப் போகிறது, வாரக்கணக்கில் காத்திருந்தால் "பழுது ஏதுமில்லை" என்ற சீட்டோடு திரும்பி வருகிறது. புதிதாகப் பூட்டிய கணினி எழும்பாமல் போவதற்குக் கெட்டுப்போன பாகம் காரணமாக இருப்பது குறைவு. சரியாக அமராத இணைப்பு, விட்டுப்போன ஒரு வயர், பழைய பயாஸ் (கணினியை எழுப்ப போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) இவைதான் பெரும்பாலும் காரணம். இவற்றை வீட்டிலேயே ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம் என்பதால் வாசகர்களுக்குச் சில விவரங்களையும், கடைக்காரர்களுக்கு ஒரு கோரிக்கையையும் எழுதுகிறேன்.

டிடிஆர்5 ரேம் போட்ட கணினி, குறிப்பாக ப்ராசஸர் அமரும் சாக்கெட் ஏஎம்5 வகையாக உள்ள ஏஎம்டி ரைசன் கணினி, முதல்முறை ஆன் செய்யும்போது பல நிமிடம் திரையில் எதுவும் காட்டாது. ரேமோடு எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் பேசுவது என்று போர்டு அந்த நேரத்தில் சோதித்துப் பார்க்கிறது. மெமரி ட்ரெயினிங் என்பார்கள். இடையில் தானாக அணைந்து மறுபடி எழுவதும் உண்டு. பதற்றத்தில் ஒரு நிமிடத்துக்குள் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டால், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். ரேம் அளவு கூடக் கூட நேரமும் கூடும். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பயாஸை மாற்றினாலோ, சிமாஸை (பயாஸ் அமைப்புகளின் சேமிப்பு) அழித்தாலோ இதே காத்திருப்பு மறுபடியும் வரும்.

பட்டனை அழுத்தியும் எந்த அசைவும் இல்லை என்றால் அது வேறு கதை. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கேபினட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் இரண்டு முனை வயர் போர்டின் கீழ் மூலையில் சரியான இரண்டு பின்களில் இருக்க வேண்டும். போர்டுக்குப் போர்டு இடம் மாறும் என்பதால் மேனுவலில் உள்ள படத்தைப் பார்த்தே மாட்டுங்கள். சுவிட்ச் வயரைத் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும், விளக்கு வயரைத் திருப்பிப் போட்டால் எரியாது. சந்தேகம் இருந்தால் அந்த வயரைக் கழற்றிவிட்டு, அதே இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கணினி எழுந்தால் குறை கேபினட் பட்டனிலோ வயரிலோதான்.

ஃபேன் சுற்றியும் திரை இருட்டாக இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ப்ராசஸருக்கான 8 பின் வயர். போர்டின் மேல் இடது மூலையில், ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் நிழலில், எஸ்எம்பிஎஸ் வயர் எட்டிப்பிடிக்கச் சிரமமான இடத்தில் அந்தச் சாக்கெட் இருக்கும். அதனால்தான் விட்டுப்போகிறது. பெரிய 24 பின் வயரை மட்டும் மாட்டினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ப்ராசஸருக்கு வேண்டிய 12 வோல்ட் இந்த 8 பின் வழியாகத்தான் வருகிறது. இதே போன்ற தோற்றத்தில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வயர் இருக்கும். ப்ராசஸர் வயர் நான்கும் நான்குமாகப் பிரியும், கிராபிக்ஸ் வயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதைத் திணிக்கவே கூடாது.

24 பின் கனெக்டரையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். அதை அழுத்தும்போது போர்டு லேசாக வளையும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பயந்து, ஒரு மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போதே கையை எடுத்துவிடுகிறார்கள். வெளிப்பார்வைக்கு மாட்டியதுபோலவே இருக்கும். பக்கவாட்டிலுள்ள கொக்கி, சாக்கெட்டின் மேட்டைத் தாண்டி 'டக்'கென்று பிடித்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். போர்டின் அந்த ஓரத்துக்கு அடியில் விரலை முட்டுக்கொடுத்து அழுத்தினால் வளையாது.

ரேமிலும் இதே கதைதான். இப்போது வரும் பல போர்டுகளில் ரேம் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் பூட்டு இருக்கிறது. பூட்டுள்ள முனை 'டக்' என்றதும் முடிந்தது என்று நினைக்கிறோம், மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கும். கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். ரேமின் கீழ் விளிம்பு சாய்வாகத் தெரிந்தால் அமரவில்லை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேமைப் போடும்போது ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருப்பார்கள். பழுது தேடும்போது ஒரே ஒரு ரேமை ஏ2வில் மட்டும் வைத்து முயலுங்கள், பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள்.

மானிட்டர் வயரை போர்டில் செருகிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்பவர்கள் ஏராளம். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் எச்டிஎம்ஐ வயர் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். கோர் ஐ5 12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசஸர்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளுக்குள் கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் படமே வராது. 5600ஜி என்றால் வரும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். விலை குறைவு என்று எஃப் வாங்கிவிட்டு, கார்டு பிறகு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பல போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. கணினி எழும்போது இவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிராமில் நின்றால் ரேமை எடுத்து மறுபடி போடுங்கள். விஜிஏவில் நின்றால் கிராபிக்ஸ் கார்டின் மின்வயரைப் பாருங்கள். பூட்டில் நின்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம், விண்டோஸ் இன்னும் ஏற்றவில்லை என்பதுதான் பொருள்.

இத்தனையும் பார்த்தும் எழவில்லையா? எல்லாவற்றையும் கழற்றுங்கள். போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே போர்டை வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் இவற்றை மட்டும் இணையுங்கள் (ப்ராசஸரில் கிராபிக்ஸ் இல்லை என்றால் கார்டையும்). சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வைத்தால் சிமாஸும் அழிந்துவிடும். பெட்டியின் மேல் எழுந்து, கேபினட்டுக்குள் எழாத போர்டு நல்ல போர்டு. குற்றவாளி பெரும்பாலும் போர்டைத் தாங்க அடியிலுள்ள சிறு பித்தளைத் தூண், அதாவது ஸ்டாண்ட்ஆஃப். கேபினட்டில் பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்காக முன்கூட்டியே திருகி வைத்திருப்பார்கள், நாம் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை வைப்போம். துளை இல்லாத இடத்தில் நிற்கும் ஒரு பித்தளை முனை, போர்டின் முதுகிலுள்ள சால்டர் புள்ளிகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். போர்டின் துளைகளையும் ஸ்டாண்ட்ஆஃப்களையும் ஒவ்வொன்றாக எண்ணி ஒப்பிட்டுவிட்டுப் பூட்டுங்கள்.

எழுந்து சில நிமிடத்தில் அணைந்தால் கூலரைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை உரித்து, வெப்பம் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். ஏஎம்4 ப்ராசஸராக இருந்தால் கூலரை நேராக இழுக்காதீர்கள், பேஸ்ட் பிடித்துக்கொண்டு ப்ராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகு தூக்குங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது, ஆகவே எஸ்எம்பிஎஸ் லீக் ஆகிறது என்று அதை மாற்றுகிறார்கள். மாற்றிய பிறகும் அப்படியே இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று என்று இரண்டு சிறு கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் சிறு மின்சாரம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டின் உலோகம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதியில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்றாலும், அந்த நிலையில் டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் செருகினால் போர்ட் கெட்டுப்போகலாம். அதைவிட முக்கியம், உள்ளே உண்மையாகவே ஒரு கோளாறு ஏற்பட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுவது, பெயருக்கு எர்த் துளை இருந்தும் பின்னால் வயரே இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் தவிருங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். புதுக் கணினிக்குச் செலவழிக்கும் வீட்டில் இந்தச் சிறு செலவைத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் வயர்களைப் புதியதில் போடவும் வேண்டாம். ஒரு முனை பொருந்தும், ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் உள்வரிசை வேறு. ஹார்ட் டிஸ்க் நொடியில் எரிந்துவிடலாம்.

கடைசியாக பயாஸ். 2018இல் வந்த பி450 போர்டு 2020இல் வந்த ரைசன் 5000 ப்ராசஸரை அறியாது. பி660 போர்டுக்கு 13ஆம் தலைமுறை இன்டெல்லும், பி650 போர்டுக்கு 2024இல் வந்த ரைசன் 9000மும் அப்படித்தான். பயாஸைப் புதுப்பித்தால் ஏற்கும். கிடங்கில் நெடுநாள் கிடந்த போர்டில் பழைய பயாஸே இருக்கும், சிபியு விளக்கு எரிந்துகொண்டே நிற்கும். ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டானால் ப்ராசஸர் இல்லாமலே சரிசெய்யலாம். எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் அதே மாடலுக்கான பயாஸ் கோப்பைப் போட்டு, மேனுவல் சொல்லும் பெயரை வைத்து, பின்பக்கம் அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். 24 பின், 8 பின் இரண்டையும் மாட்டி, எஸ்எம்பிஎஸ் சுவிட்சை மட்டும் ஆன் செய்து, அந்தப் பட்டனை மூன்று விநாடி அழுத்துங்கள். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை மின்சாரம் போகக் கூடாது. யுபிஎஸ் இருந்தால் நல்லது. ஃப்ளாஷ்பேக் இல்லாத போர்டு என்றால் பழைய ப்ராசஸர் ஒன்றைப் போட்டுத்தான் புதுப்பிக்க முடியும். மாணவரிடம் அது எங்கே இருக்கும்?

எனவே கடைக்காரர்களிடம் கேட்பது இதுதான். போர்டையும் ப்ராசஸரையும் சேர்த்து வாங்குபவருக்கு, கவுன்டரிலேயே ஒருமுறை இரண்டையும் பூட்டி பயாஸ் திரையைக் காட்டிக் கொடுங்கள். ஒரு ரேமும் ஒரு மானிட்டரும் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. பயாஸ் பழையதானால் அப்போதே புதுப்பித்து, அந்தப் பதிப்பு எண்ணையும் பாகங்களின் சீரியல் எண்களையும் பில்லில் எழுதுங்கள். ஏஎம்5, இன்டெல் போர்டுகளில் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வாரண்டி மறுக்கப்படுகிறது, வளைத்தது கடையா வாங்கியவரா என்ற சண்டைக்கு முடிவே வருவதில்லை. ப்ராசஸரை வைக்கும் முன் வாங்குபவர் கண்ணெதிரே சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணினி வன்பொருள் பணியாளர்,
திருச்சிராப்பள்ளி