என் குரலுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மாதத்தோடு செய்தி வாசிப்பிலிருந்து ஓய்வு பெறுகிறேன். வானொலியில் 28 ஆண்டுகள். அதில் பாதிக் காலம் தொலைக்காட்சிக்கும் பின்னணிக் குரல் கொடுத்திருக்கிறேன். "உங்க குரலைக் கேட்டுத்தான் எங்க வீட்டுல பொழுது விடியும்" என்று பலர் சொல்லக் கேட்டு நெகிழ்ந்திருக்கிறேன். அந்தக் குரலில் எத்தனையோ பேருடைய உழைப்பு கலந்திருக்கிறது. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, நான் நேரில் பார்த்தேயிராத ஒருவருக்கு. பள்ளிக்கூட நாள்களில் காலை 7.15 ஆனால் தில்லியிலிருந்து, "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்ஸ்வாமி" என்று கணீரென்று ஒலிக்கும். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களைக்கூட எவ்வளவு இயல்பாகச் சொல்வார்! 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது சொந்த அத்தையைப் பறிகொடுத்தது போல இருந்தது.

அடுத்து, என் முதல் செய்தி ஆசிரியர். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து வந்த தாளை வாங்கி, பென்சிலால் ஒரு வாக்கியத்தை மூன்றாக வெட்டினார். "தமிழ்ல வினை கடைசியிலதான் வருது. யார் என்ன செஞ்சாங்கன்னு தெரியுறதுக்குள்ள கேக்குறவருக்கு ஆரம்பம் மறந்துடும்மா" என்றார். நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு சாய்கோடு, மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் இரண்டு. 1,47,000 என்று இருந்தால் அதற்கு மேலே 'ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம்' என்று எழுத்தில் எழுதித் தருவார். நேரலையில் எண்ணைப் பார்த்ததும் நாக்கு தடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். நேற்று வரை என் தாள்களில் அந்தக் கோடுகள் இருந்தன.

சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவுப் பொறியாளரை எப்படி மறப்பேன்? ஒவ்வொரு செய்தி அறிக்கைக்கும் இறந்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே புதுத் தாள் மேசைக்கு வரும். நாகப்பட்டினம் என்று சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் சட்டென்று என் மைக்கை மூடினார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கையை உயர்த்தினேன், திறந்தார். சில நொடிகள்தான். வெளியே வந்தபோது எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நாளை நான் கடந்தது அவரால்தான்.

தொலைக்காட்சிக்குப் போனபோது வேறு பாடம். ஒரு நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படங்கள் ஓடும். காட்சி மாறும் இடத்தில் சொல் முடிய வேண்டும். வானொலிப் பழக்கத்தில் நான் எல்லாவற்றையும் விவரித்து எழுதிக்கொண்டு போவேன். என்னைவிட வயதில் இளைய படத்தொகுப்பாளத் தம்பி, "படத்துல தெரியுறதை விட்டுடுங்க மேடம், தெரியாததைச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து எழுதியதில் பாதியை அடித்துவிட்டுத்தான் வாசிக்கப் போனேன்.

விடிகாலை 4 மணிக்கு வாசலில் வண்டியோடு நின்ற ஓட்டுநர்கள், எனக்குச் சளி பிடித்தால் வீட்டில் சத்தம் போடாமல் இருந்த பிள்ளைகள், இரவில் வெந்நீர் வைத்துக் கொடுத்த கணவர், உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

அப்புறம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். என் 'ழ' சில இடங்களில் 'ள' ஆகிறது என்று அஞ்சலட்டையில் எழுதினார். திருத்திக்கொண்டேன். "இன்று 'மழை' சரியாகப் பெய்தது" என்று அடுத்த அட்டை வந்தது. கடைசி அட்டை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஐயா, நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் அந்த எழுத்தை இன்றும் சொல்கிறேன்.