மேற்கிலும் மனோதர்மம் இருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆலாபனை, அதாவது தாளமின்றி ராகத்தை விரித்துப் பாடுவது, பற்றிய பகுதி அருமை. ஆனால், மேற்கில் எழுதிவைத்ததை அப்படியே வாசிப்பார்கள், மனோதர்மத்துக்கு, அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் இசைப்பதற்கு, அங்கே இடமில்லை என்ற முடிவை ஏற்க முடியவில்லை. பிற்காலச் சிம்பொனிகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். 16, 17ஆம் நூற்றாண்டுகளுக்குச் சற்றும் பொருந்தாது.

தியேகோ ஓர்டிஸ் என்ற ஸ்பானியர் 1553இல் ரோமில் ஒரு நூல் வெளியிட்டார். கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிக்கும் வயோலா த காம்பாவுக்கான பாடநூல் அது. தெரிந்த மெட்டை எப்படி விரிப்பது, திரும்பத் திரும்ப வரும் மந்தர (கீழ்ஸ்தாயி) சுர வரிசையின் மேல் எப்படிக் கற்பனை செய்வது என்று படிப்படியாகச் சொல்லித்தருகிறார். பாட்டின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு பலவிதமாக விரிக்கும் நிரவல் பழகியவர்களுக்கு அந்தப் பயிற்சிகள் அந்நியமாகத் தோன்றாது.

அதைவிட என்னை ஈர்ப்பது இத்தாலிய இசையமைப்பாளர் மொண்டெவெர்தியின் 'ஓர்ஃபெயோ'. 1607இல் மாந்துவாவில் அரங்கேறிய இசை நாடகம். இறந்துபோன மனைவியை மீட்கப் பாதாளத்துக்குப் போகும் ஓர்ஃபெயோ, தன்னை அக்கரை சேர்க்கச் சொல்லிப் படகோட்டியிடம் பாடியே மன்றாடுகிறான். 1609இல் அச்சான பிரதியில் அந்தப் பாட்டுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு இசை வரிகள் இருக்கின்றன. ஒன்றில் வெறும் மெட்டு. மற்றதில் அதே மெட்டு, வேகமான சுரக் கோவைகளான பிருகாக்கள் நிறைந்து. இரண்டில் ஒன்றை மட்டும் பாடவும் என்று குறிப்பும் உண்டு. மெட்டுக்கு அணி சேர்ப்பது பாடகரின் வித்தை என்று கருதிய காலம் அது. அந்த வித்தைக்கு ஒரு மாதிரியை மொண்டெவெர்தி எழுதியே காட்டியிருக்கிறார் என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் ஆர்கன் வாசித்த ஃபிரெஸ்கோபால்தியும் 1615இல் வெளியிட்ட தொக்காத்தாக்களின் (விசைப்பலகைக் கருவிக்கான தடையற்ற போக்குள்ள இசைப் படைப்புகளின்) முன்னுரையில் இதே சுதந்திரத்தைத் தருகிறார்: தாளத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், உணர்ச்சிக்கேற்ப நிதானிக்கலாம், விரையலாம், முழுவதும் வாசிக்காமல் விரும்பிய இடத்தில் முடித்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் ராக ஆலாபனைக்கு நிகர் என்று நான் வாதிடவில்லை. இலக்கணம் வேறு, வழி வேறு. ஆனால் இரு மரபுகளை ஒப்பிடும்போது ஒன்றின் இரண்டு நூற்றாண்டுகளை விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஓர்டிஸின் இசையை இக்காலக் கலைஞர் ஜோர்தி சவால் காம்பாவில் வாசித்த பதிவுகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. கட்டுரையாளர் அவற்றைக் கேட்டுவிட்டு இந்தக் காலகட்டத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்